உங்களுக்கெதுக்கு அந்தத் தலைவலி

"ஃபோன் மட்டும் இருந்தா போதுங்க. எங்க போனாலும் ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டிக்கலாம். உங்களுக்கெதுக்குங்க மத்த தலவலி?"

போன மாதம் தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இந்தப் பேச்சைக் கேட்டேன். பேசியவர் தினேஷ், என் பழைய முதலாளியின் மகன். மலேசியா, சிங்கப்பூர் போகவிருந்த பயணிகளுக்கு அவர்கள் டூர் கம்பெனி அன்று கூட்டம் போட்டிருந்தது. அவருடைய அப்பா உயிரோடு இருந்தவரை இதே மேடையில், இதே மாதிரி சிரித்துக்கொண்டு, இதே தலைவலியைத்தான் எல்லாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டார். அப்பா காலத்தில் அட்டை, மகன் காலத்தில் ஃபோன். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் டூர் ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும் வராது. தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பிகள் விமானத்தைப் பற்றியும் பனிமலையைப் பற்றியும் எழுதுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் எழுதப்போவது சில்லறைக் காசைப் பற்றி.

என் வேலை, வெளிநாட்டுக்குப் போகும் குழுவோடு கூடப் போய்க் கூட்டிவருவது. விசிட்டிங் கார்டில் இங்கிலீஷில் என்னவோ போட்டிருந்தார்கள். ஊரில் எல்லாரும் டூர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காசிக்குப் போகும் பஸ்ஸில் கிளீனராக ஏறினேன். பிறகு பெட்டி ஏற்றி இறக்குவது, சமையல்காரருக்குக் காய் நறுக்குவது, ஆள் எண்ணுவது. இலங்கைக்கு ஒரு குழு போனபோது கூடப் போக வேண்டியவருக்கு அம்மை போட்டுவிட்டது. முதலாளி என்னை அனுப்பினார். அதிகம் பேசாதவன் திருடமாட்டான் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். மலேசியா, சிங்கப்பூர் போனால் தமிழே போதும் என்று தெரிந்ததும் அந்த இரண்டு ஊரும் என் பொறுப்பு ஆனது. முழங்கால் இரண்டும் கைவிடும்வரை அதுதான் செய்தேன். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு என்றால் சிலர் சிரிக்கிறார்கள். அவர்கள் என் முழங்காலோடு ஒருநாள் நடந்து பார்க்கட்டும்.

எங்கள் பயணிகள் பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். மாங்காய் விலை நன்றாகப் போன வருஷம் கூட்டம் சேரும். மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் அப்பா அம்மாவை அனுப்புவான். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும், சிங்கப்பூரில் ஒரு நடை நடக்க வேண்டும், திரும்பும்போது தைலமும் சாக்லேட்டும் வாங்கிவர வேண்டும். ஆசை அவ்வளவுதான். செலவுக்கான பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் எல்லாருக்கும் பயம்.

முதலில் எல்லாரும் ரொக்கமாகத்தான் கொண்டுவந்தார்கள். தர்மபுரியிலேயே அமெரிக்க டாலர் மாற்றி எடுத்துவந்து, போகிற இடத்தில் அதைக் கொடுத்து அந்த ஊர்ப் பணமாக மாற்றுவார்கள். அப்போது நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து சின்னசாமி என்று ஒருவர் வந்தார். தக்காளி போட்டு நல்ல விலைக்கு விற்றவர். பெரிய டாலர் நோட்டுகளாக வாங்கியிருந்தார். புறப்படுவதற்கு முன் தீர்த்தமலைக்குப் போய் சாமி காலடியில் நோட்டுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து எடுத்துவந்திருக்கிறார். நம் ஊரில் புது வண்டிக்கு வைக்கிறோம், புதுப் பெட்டிக்கு வைக்கிறோம். வெளிநாட்டுப் பணத்துக்கு வைக்காமல் இருப்போமா? சிங்கப்பூரில் பணம் மாற்றும் கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் தமிழர்தான். நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கறை பட்ட நோட்டை வாங்குவதில்லை என்று திருப்பித் தள்ளினார்.

"கறையா? சாமி குங்குமம்யா அது" என்றார் சின்னசாமி.

"சாமியே நேர்ல வந்தாலும் வாங்க முடியாதுங்க ஐயா. நான் வாங்கினா எங்கிட்ட இருந்து யாரு வாங்குவா?"

சின்னசாமி எச்சில் தொட்டுத் துடைத்தார். குங்குமம் நோட்டு முழுக்கப் பரவிவிட்டது. மீதிப் பயணம் முழுக்க என்னிடமும் மற்றவர்களிடமும் கைமாற்று வாங்கித்தான் செலவு செய்தார். சிவந்த நோட்டுகளை அப்படியே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

திரும்பியதும் முதலாளியிடம் சொன்னேன். நோட்டில் வைக்காதீர்கள், நோட்டை வைத்திருக்கும் கவர் மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கூட்டத்தில் சொன்னால் போதும் என்றேன். எனக்கு அது சின்ன விஷயமாகத்தான் பட்டது. அவருக்கு அது பெரிய வழியாகத் தெரிந்தது.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. வருகிறவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார். வயசானவர்கள் வந்தால் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போடுவார். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்க வாயைத் திறக்கும்போது, கையை லேசாக உயர்த்தி, "உங்களுக்கெதுக்குங்க அந்தத் தலவலி? நான் பாத்துக்கறேன்" என்பார். கேட்க வந்தவர் கேட்காமலே திருப்தியாக எழுந்துபோவார். தனக்குத் தெரியவேண்டிய ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த குழுவிலிருந்து ரொக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டார். குடும்பத்துக்கு ஓர் அட்டை. செலவுப் பணத்தை ரூபாயாக அலுவலகத்தில் கட்டினால், வெளிநாட்டில் தேய்க்கிற அட்டையில் டாலராக ஏற்றித் தருவார். குங்கும நோட்டுக் கதையைக் கூட்டத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தார். பிறகு அட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து உயர்த்திக் காட்டினார். திருடன் பயமில்லை, கறை பயமில்லை, எண்ணுகிற வேலையில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

அட்டை போடும் ஆளிடமிருந்து முதலாளிக்குக் கமிஷன் வந்தது. எவ்வளவு அதிகம் ஏற்றுகிறாரோ அவ்வளவு அதிகக் கமிஷன். அதனால்தான் ஒரு பைசா ரொக்கமாகக் கொண்டுபோக விடவில்லை. டாலராக ஏற்றிய அட்டையை மலேசியப் பணமான வெள்ளியில் தேய்த்தால் மாற்றுவதற்கென்று ஒவ்வொரு தடவையும் தனியாகப் பிடித்தார்கள். மலேசியப் பணமாகவே ஏற்றியிருக்கலாம். அதில் கமிஷன் குறைவு. இதெல்லாம் எனக்கு ஒரே நாளில் தெரியவில்லை. கடைகளில் கொடுத்த ரசீதைப் பயணிகள் என்னிடம் காட்டிக் காட்டிக் கேட்டதில் தெரிந்தது.

அட்டை குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும். ரகசிய எண்ணை ஒட்டிய கவரில் போட்டு அவர் கையில்தான் கொடுப்பார்கள். கூட்டத்தில் எந்த மனைவியாவது எட்டிப் பார்த்தால், "உனக்கெதுக்கு அது?" என்று கணவர் கவரை மடித்து உள்ளே வைப்பார். முதலாளி மரியாதையாகக் கணவரிடம் சொன்னதைக் கணவர் மரியாதை இல்லாமல் மனைவியிடம் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்.

மலேசியாவில் சந்தை, பஸ் நிலையம், கூட்டம் கூடுகிற இடங்கள் பலவற்றில் கழிப்பறைக்குக் காசு வாங்குவார்கள். வாசலில் சின்ன மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். முப்பது காசு, ஐம்பது காசு, அவ்வளவுதான். அதை மேசையில் வைத்தால் காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்து உள்ளே விடுவார்கள். நாங்கள் அட்டையோடு போனவர்கள். ஒரு சில்லறை கிடையாது. ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கினார்கள். அதுவும் தப்புதான், அங்கே அபராதம் போடுவார்கள். ஆனாலும் ஒதுங்கினார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்?

முதல் அட்டைக் குழு முடிந்து வந்ததும் இதையும் முதலாளியிடம் சொன்னேன். ஆளுக்குக் கொஞ்சம் ரொக்கமாவது கொண்டுபோக விடுங்கள் என்றேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஓட்டலில் கழிப்பறை இருக்கிறது, காலையில் போய்விட்டுத்தானே கிளம்புகிறார்கள் என்று கேட்டார்.

அதற்கு அடுத்த குழுவில்தான் முருகம்மாள் வந்தார்.

மொரப்பூர் பக்கத்துக் கிராமம். கணவர் பெயர் பச்சியப்பன். கொஞ்சம் நிலம், நாலு மாடு. பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸிலேயே பச்சியப்பன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்: இந்தப் பயணத்தில் பாதி என் வூட்டுக்காரி பால் ஊத்துன காசுங்க. விடியறதுக்குள்ள எழுந்து கறந்து சொசைட்டிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. பெருமையாகத்தான் சொன்னார். முருகம்மாள் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அட்டை மட்டும் பச்சியப்பன் சட்டைப் பையில் இருந்தது. அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கோலாலம்பூர் போய் இறங்கியதிலிருந்து வெயில். நான் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே வருவேன், அது கம்பெனி செலவு. முருகம்மாளிடம் நீட்டியபோது வேண்டாம் என்றார்.

"மலையேறி சாமியப் பாக்கறவரைக்கும் தண்ணி குடிக்கறதில்லன்னு வேண்டுதலுங்க."

நான் நம்பினேன். வேண்டுதல் என்று சொன்னபிறகு வற்புறுத்தக்கூடாது. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் அதையே சொன்னார்கள். அந்த பஸ்ஸில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு ஒரே வேண்டுதல். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் பத்துமலை. முருகம்மாள் ஏறிவிட்டார். சாமி கும்பிட்டார். இறங்கிவரும்போது முகம் வெளுத்திருந்தது. கீழே கழிப்பறை வாசல்வரை நடந்தார். அங்கே ஒரு நிமிஷம் நின்றார். திரும்பினார். அப்படியே சரிந்துவிட்டார்.

நான் ஓடிப் போவதற்குள் மேசையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்துவந்து தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஊர்த் தமிழ்ப் பெண், என் வயது இருக்கும். என் சட்டையில் இருந்த கம்பெனி பேட்ஜைப் பார்த்தார்.

"நீங்கதான் கூட்டிக்கிட்டு வந்தவரா? உங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இந்த வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுறாங்க அண்ணே. போன தடவை வந்த கூட்டமும் இப்படித்தான். காசு இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா சும்மாவே விட்டிருப்பேனே. கேக்கவே மாட்டேங்குறாங்க."

நான் பாட்டிலைத் திறந்து முருகம்மாள் முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

பக்கத்தில் இருந்த கிளினிக்குக்கு டாக்சியில் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கை தோலைக் கிள்ளிப் பார்த்தார். இரண்டு நாளாகத் தண்ணீரே குடிக்காத உடம்பு என்றார். மூத்திரத்தை அடக்கி அடக்கிக் காய்ச்சலும் வந்திருக்கிறது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் சிறுநீரகம் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சலைன் ஏற்றினார்கள். கிளினிக்கில் ரொக்கம் கேட்டார்கள். பச்சியப்பன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மறுநாள் கேபிள் கார் டிக்கெட்டுக்கு என்று கம்பெனி என்னிடம் கொடுத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன்.

முருகம்மாள் கண் திறந்ததும் பச்சியப்பன்தான் முதலில் பேசினார். திட்டுகிற மாதிரிதான் ஆரம்பித்தார்.

"ஏம்மா தண்ணி குடிக்கல? சாமியா கேட்டுச்சு?"

"சாமி ஒண்ணும் கேக்கல. குடிச்சா போவணும். போனா அங்க காசு கேப்பாங்க."

"எங்கிட்ட சொல்லலாமில்ல?"

"உங்ககிட்ட மட்டும் எங்க இருக்குது? அட்டையத்தான வச்சிருக்கீங்க. அத அந்தம்மாகிட்ட நீட்ட முடியுமா? பஸ்ஸு நெறய ஆளு. அத்தன பேரு மத்தியில எனக்கு ஒண்ணுக்கு வருதுன்னு எப்பிடிச் சொல்றது? வூட்டுல இருந்தா எங்கனா காட்டுப் பக்கம் போயிருப்பேன்."

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்காசுதான் அதுல பாதி."

பச்சியப்பன் எழுந்து வெளியே வந்தார். கொஞ்சம் சில்லறை இருந்தால் கொடுங்கண்ணா என்று என்னிடம் கேட்டார். கையில் இருந்ததைக் கொடுத்தேன். உள்ளே போய் முருகம்மாள் கையில் வைத்தார். அந்த அம்மா சலைன் ஊசி குத்தாத கையால் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு அந்த முடிச்சை விடவே இல்லை. தூங்கும்போதும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்து முதலாளிக்கு ஃபோன் போட்டேன். முழுக்கக் கேட்டார். குரல் மாறவில்லை. பயணிக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார், அதில் குறை சொல்ல முடியாது. அப்புறம் சொன்னார்:

"பொம்பளைங்க தண்ணி குடிக்கலன்னா கம்பெனி என்னப்பா பண்ணும்? நாமதான் பாட்டில் சும்மாவே குடுக்கறோமே."

ஊர் திரும்பியதும் நேராக அலுவலகத்துக்குப் போனேன். வாழ்நாளில் நான் முதலாளிக்கு எதிரே உட்காராமல் நின்றே பேசியது அன்றுதான். ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது. ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"அட்டையத் தேச்சு ஒண்ணுக்குப் போவ முடியாதுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் நான் அடித்த ஜோக் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண் சாகப் பார்த்ததைச் சொன்னேன். அது அவருக்கு ஜோக் ஆனது. அன்றே வேலையை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அடுத்த குழுவோடு வேறு யாரோ போயிருப்பார், பெண்கள் அதே வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அதனால் விடவில்லை.

அடுத்த குழு கோலாலம்பூரில் இறங்கியதும் கம்பெனி எனக்குக் கொடுத்த தினப்படியில் கொஞ்சம் மாற்றி, ஒரு கடையில் கெஞ்சி எல்லாவற்றையும் சில்லறையாக வாங்கினேன். பஸ்ஸில் பெண்கள் ஒவ்வொருவருக்கும் கைநிறையக் கொடுத்தேன். எதற்கு என்று சொல்ல எனக்குக் கூச்சம். அடுத்த வீட்டுப் பெண்களிடம் கழிப்பறையைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால், "சாமி உண்டியலுக்கு வச்சுக்குங்கம்மா" என்றேன். புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

பத்துமலையில் ஒருவர் விடாமல் எல்லாரும் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு காசு மிச்சமில்லை. அவர்கள் மேல் என்ன தப்பு? உண்டியலுக்கு என்று கொடுத்ததை உண்டியலில் போட்டார்கள். என் கூச்சத்துக்கு முருகனுக்கு நல்ல வருமானம்.

வேறு வழியில்லாமல் குழுவில் மூத்த அம்மா ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பஸ் படியில் ஏறி நின்றுகொண்டு குரல் கொடுத்தார்:

"ஏ புள்ளைங்களா, அவுரு குடுத்தது உண்டியலுக்கு இல்லியாம். கக்கூசுக்காம். வாயத் தொறந்து சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நம்மள மொட்டையடிச்சு வுட்டாரு."

பஸ்ஸே சிரித்தது. ஆண்களும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் மறுபடி சில்லறை மாற்றிக் கொடுத்ததும், அன்று மதியம் பெண்கள் தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் நான் உண்டியல் என்று சொன்னதில்லை. நேராகவே சொன்னேன். காது சூடாகும், சொல்லிவிடுவேன்.

இது முதலாளி காதுக்குப் போனது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். இல்லை. அடுத்த நோட்டீஸில் 'மகளிருக்கு இலவசச் சில்லறைப் பை' என்று அச்சடித்தார். கம்பெனி பெயர் போட்ட சின்னப் பை, உள்ளே கொஞ்சம் சில்லறை. அதற்கான பணத்தைப் பயணக் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டார். அட்டையும் கமிஷனும் முன்னைப் போலவே நடந்தன. கொரோனா வந்து எல்லாம் நின்றுபோகும்வரை அப்படித்தான்.

தம்பிகளே, நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன். அட்டை கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஃபோனும் கெட்டதில்லை. எனக்கே வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே வழியில் எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். அட்டை என்றால் போகிற ஊர்ப் பணமாகவே ஏற்றித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் பேங்க் அட்டையை அங்கே தேய்க்கும்போது, ரூபாயில் எடுக்கவா, எங்கள் பணத்தில் எடுக்கவா என்று மெஷினில் கேட்பார்கள். ரூபாய் என்றால் நமக்குப் பழகிய வார்த்தை, எல்லாரும் அதைத்தான் தொடுவார்கள். தொடவேண்டாம் என்று சொல்லுங்கள், அவர்கள் போடுகிற ரூபாய்க் கணக்கு எப்போதும் நமக்கு நஷ்டம். விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும், மீதியை ஊருக்குள் மாற்றலாம். நோட்டில் குங்குமம் வேண்டாம், கவரில் வைத்துக்கொள்ளட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

முக்கியமாக, பணத்தை இரண்டு பேரிடமும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கணவரிடம் பாதி, மனைவியிடம் பாதி. மனைவியின் பாதியில் நிச்சயம் சில்லறை இருக்க வேண்டும். அவர் அதை எதற்குச் செலவு செய்தார் என்று யாரும் கேட்கக்கூடாது. இதைச் சொன்னால் சில ஆண்கள் உங்களை முறைப்பார்கள். முறைக்கட்டும். கிளினிக்கில் அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற பச்சியப்பனை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர் அவர். நல்ல மனிதராக இருந்தும் அவர் சட்டைப் பையில் மனைவிக்கு உபயோகப்படுகிற ஒரு காசு இல்லை.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். தினேஷ் பேசி முடித்ததும் என்னைப் பார்த்துவிட்டார். நம்ம அனுபவசாலி வந்திருக்காரு, ரெண்டு வார்த்தை சொல்லுவாரு என்று மைக்கை நீட்டினார். பழைய ஜோக்கைச் சொல்லச் சொல்லுவார் என்று பயந்தேன். மேடைக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முருகம்மாளின் முந்தானை முடிச்சு மட்டும் ஞாபகம் வந்தது.

மைக் இல்லாமலே கேட்டேன். இங்கே வந்திருக்கிற பெண்களில் யாரிடம் தனியாக, சொந்தக் கையில், பயணத்துக்குப் பணம் இருக்கிறது, கை தூக்குங்கள் என்று.

ஒரு கையும் எழவில்லை. முன்வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா, நான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்பதுபோல விளக்கம் சொன்னார்.

"எல்லாம் எங்க வூட்டுக்காரர் ஃபோன்ல இருக்குதுங்க."

"ஃபோன எடுத்துக்கிட்டு அவரும் உங்ககூட பொம்பளைங்க கக்கூசுக்கு வருவாராம்மா?"

மண்டபம் சிரித்தது. தினேஷும் சிரித்தார், அவர் அப்பா சிரித்த அதே சிரிப்பு. அந்த அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

கணவர் அவசரமாகச் சட்டைப் பையைத் தடவினார். அதில் ஃபோன் மட்டும்தான் இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த அம்மா நீட்டிய கையை இறக்கவில்லை.